படக்கார நோனா உடைத்த கண்ணாடிகள்

அந்தக் காலத்து மட்டக்களப்புப் பட்டணத்தில் ஐறிஸ் நோனாவைத் தெரியாதவர் இல்லை. ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண், அதனால்தான் நோனா. கணவன் கொன்ராட் வாவிக்கரையோரம் ஸ்டூடியோ நடத்தினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனதும், கமராவை விற்றுவிட்டுத் தையல் தைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லாரும் புத்தி சொன்னார்கள். புத்தி சொல்ல யாருக்குத்தான் நோகும்! அவள் கமராவை விற்கவில்லை.

பட்டணத்தில் இன்னும் இரண்டு படக்காரர் இருந்தார்கள், இருவரும் ஆண்கள். பறங்கிக் கலியாணமும் கிறிஸ்தவ வேதக்காரர் கலியாணமும் அவர்களுக்கே போயின. ஐறிஸின் கண் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிப் பக்கம் திரும்பியது. அங்கே புடவை வியாபாரிகளின் வீடுகளில் கலியாணத்துக்குக் குறைவில்லை. ஆனால் மணப்பெண் இருக்கும் உள்வீட்டுக்குள் அந்நிய ஆண் கால் வைக்க முடியாது. அதனால் அந்த வீட்டு அல்பங்களில் மாப்பிள்ளை மட்டும் தலைப்பாகையோடு தன்னந்தனியாக நின்றுகொண்டிருப்பார். நான் பெண்தானே, எனக்கென்ன தடை என்று வண்டில் பிடித்துப் போனாள்.

முதல் வீட்டிலேயே கேள்வி வந்தது. "நீங்க உள்ள வரலாம் நோனா. படம் மறுகா எங்கெல்லாம் போகும்? எந்த ஆம்புளட கண்ணுல படும்?"

நியாயமான கேள்வி. ஒரு கிழமை யோசித்து அதற்கு ஒரு வழி கண்டாள். படத்தைக் கழுவுவதும் தாளில் எடுப்பதும் அவளே. இருட்டறைக்குள் வேறு யாருமில்லை. நான்காம் நாள் அல்பத்தோடு கமராவுக்குள் படம் விழுந்த கண்ணாடித் தகட்டையும், நெகட்டிவ் என்கிறோமே அதையும் கொண்டுபோவாள். பெண்ணின் தாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு துவாயில் சுற்றி, தாயின் கண் முன்னாலேயே அம்மிக்குழவியால் உடைப்பாள். அதன்பின் தாளில் இன்னொரு படம் எடுக்க அவளாலும் முடியாது.

வீடு வீடாகக் காட்டவென்று அவள் கொண்டுபோன அல்பத்தில் முதல் பக்கத்தில் அவளுடைய சொந்தக் கலியாணப் படம். மற்றப் பக்கமெல்லாம் வெறுமை.

"மத்தப் படமெல்லாம் எங்க நோனா?"

"அதெல்லாம் அவங்கவங்கட வீட்டுல பூட்டியிரிக்கு."

இந்த ஒரு பதிலுக்கே வியாபாரம் படிந்தது. சரக்கைக் காட்டாமலே சரக்கு விற்ற கெட்டிக்காரி! மூன்று வருஷத்தில் இருபத்தேழு வீடுகளுக்குப் போய்விட்டாள்.

ஆனால் இருபத்தேழு முறை உடைத்த கை அது. நல்ல படம் விழுந்த அன்று சந்தோஷம் வராது, உடைக்கப்போகும் நாளே நினைவில் நிற்கும். கொன்ராட் எடுத்த கண்ணாடிகள் அலுமாரி நிறைய இருந்தன. அவள் எடுத்ததில் அவளிடம் ஒன்றுகூட இல்லை.

முப்பத்துநான்கில் ஆதம்பாவா முதலாளியின் மூத்த மகள் றபீக்காவுக்குக் கலியாணம். பெண்ணை முற்றத்து வெளிச்சத்தில் இருத்தி முதற்கண்ணாடியில் எடுத்தபோது அவள் அசைந்துவிட்டாள், முகம் கலங்கிப்போயிற்று. இரண்டாவது எடுக்கும்போது தோழி ஒருத்தி ஏதோ சொல்ல, றபீக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடக்கியும் அடங்காத அந்த நேரத்தில் படம் விழுந்தது. அன்று இருட்டறையில் அதைப் பார்த்த ஐறிஸ் அழுதேவிட்டாள். இப்படி ஒரு படம் கொன்ராட்டுக்கும் வாய்த்ததில்லை.

நான்காம் நாள் நல்ல படத்தை அல்பத்தில் ஒட்டிக்கொண்டு, உடைப்பதற்கு மட்டும் கலங்கிய கண்ணாடியைக் கொண்டுபோனாள். தாய் ஆயிஷா உம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "யா அல்லாஹ், என்ட புள்ளய இப்பிடிக் கரிக்கட்டையாக்கி வெச்சிரிக்கீங்களே!" என்று சிரித்தாள். கண்ணாடியில் எல்லா முகமும் கறுப்புத்தான். எது கலங்கியது, எது தெளிந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? குழவி இறங்கியது. நல்ல கண்ணாடி ஸ்டூடியோவில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. ஐறிஸ் அதை யாருக்கும் காட்டவில்லை, மறுபடி தாளில் எடுக்கவுமில்லை. தனியாக எடுத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் றபீக்கா பிள்ளைப்பேற்றில் மௌத்தாகிவிட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், ஆயிஷா உம்மா மூடுவண்டிலில் பட்டணத்துக்கு வந்து ஸ்டூடியோவுக்குள் ஏறினாள். காத்தான்குடிப் பெண் ஒருத்தி அப்படி வருவதென்றால் லேசான காரியமா?

"அல்பத்தப் பெட்டகத்துல பூட்டித்தான் வெச்சிருந்தன். ஒருத்தர்ட கண்ணும் படக்கூடாதெண்டு தொறக்கவே இல்ல. நேத்துத் தொறந்தன் நோனா. முழுக்கக் கறையான்."

மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசையில் அவிழ்த்தாள். அன்று உடைத்த கண்ணாடித் துண்டுகள்.

"புள்ளட நிழலக் குப்பையில கொட்ட மனம் வரல்ல. இதுகள ஒட்டி எடுக்கேலுமா? முகம் மட்டும் தெரிஞ்சாக் காணும்."

ஐறிஸ் முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாலு நாள் தவணை கேட்டாள்.

நாலு நாளும் அவள் கணக்குப் போட்டாள். துண்டுகளை ஒட்டினேன் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? உடைந்த கண்ணாடிக்கு உயிர் கொடுத்த நோனா என்று ஊர் கொண்டாடும். உண்மையைச் சொன்னாலோ, அன்றோடு காத்தான்குடி வாசல் எல்லாம் அடைபடும். ஒன்றை உடைக்காதவள் மற்ற எல்லாவற்றையும் உடைத்தாள் என்று எந்தத் தாய் நம்புவாள்? பொய் சொல்வதென்றே முடிவெடுத்து, ஒளித்துவைத்த நல்ல கண்ணாடியிலிருந்து படத்தைத் தாளில் எடுத்து வைத்தாள்.

ஆயிஷா உம்மா படத்தை வாங்கினாள். படத்துக்குள்ளிருந்து மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். தாய் சத்தமில்லாமல் அழுதாள், நெடுநேரம் அழுதாள். பிறகு ஐறிஸின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒரு கீறல்கூட இல்லியே! இந்தக் கைக்கு அஞ்சு நேரமும் துஆ கேப்பன் நோனா."

அந்தக் கண்ணீர் கையில் பட்டதும் ஐறிஸால் தாங்க முடியவில்லை.

"ஒட்டல்ல உம்மா. நான் இத உடைக்கவே இல்ல. அண்டைக்கு உடைச்சது பழுதாப்போன வேறொண்டு. இது என்னட்டயே இருந்தது."

ஆயிஷா உம்மா கையை விட்டாள்.

"ஆரு பார்த்தாங்க?"

"என்னத் தவிர ஒருத்தருமில்ல. மத்த எல்லா வீட்டுதும் உடைச்சது, மாதாவாண சத்தியம்."

"எங்க அது?"

ஐறிஸ் துணிகளை விலக்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். ஆயிஷா உம்மா அதைப் படத்தோடு சேர்த்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய் நின்றாள்.

"நீங்க பொய் சொன்னதாலதான் என்ட புள்ள இண்டைக்கு எனக்குக் கிடைச்சிரிக்காள். அதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நன்ம தரட்டும். நான் ஒருத்தரிட்டயும் வாய் தொறக்கமாட்டன். ஆனா என்ட இளையவள், ஸாலிஹாட கலியாணத்துக்கு நீங்க வராதீங்க நோனா."

ஆயிஷா உம்மா சொன்ன சொல் காத்தாள். ஊருக்குள் ஒரு பேச்சும் எழவில்லை. மற்ற வீடுகளிலிருந்து வண்டில் வழக்கம்போல வந்தது, ஐறிஸும் போனாள். மூன்றாம் வருஷம் ஸாலிஹாவுக்குக் கலியாணம் நடந்தது. ஒரு மகளின் முகத்துக்காகக் கண்ணாடித் துண்டுகளைச் சுமந்து வந்த அந்தத் தாய், மற்ற மகளை ஒரு படமும் எடுப்பிக்கவில்லை.