மூன்று விடையும் பத்து மதிப்பெண்ணும்

இன்று காலை அஸ்தினாபுரத்தில் என் பிரெஞ்சு வகுப்பில் ஒரு குட்டித் தேர்வு வைத்தேன்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'டைம்'தான். பிரெஞ்சில் கடிகார நேரத்துக்கு ஒரு சொல், பொழுதுக்கு ஒன்று, தடவைக்கு வேறொன்று.

'இப்போது டைம் என்ன?' என்பதை மொழிபெயர்க்கச் சொன்னேன். கனடா போகத் துடிக்கும் கீழ்க்கட்டளையிலிருந்து வரும் ஐ.டி. சார், மூன்று சொற்களையும் எழுதி நடுவில் சாய்கோடு போட்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"எல்லாத்தையும் எழுதிட்டா, திருத்துறவங்க சரியானதை எடுத்துப்பாங்க மேடம். இன்ஜினீயரிங்கையே இப்படித்தான் முடிச்சேன்."

நானும் சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் தாளின் தலையில் 0 / 5 / 10 என்று எழுதினேன்.

"சரியானதை நீங்களே எடுத்துக்கோங்க சார்."

மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மதியம் அவர் மனைவியிடமிருந்து வாட்ஸ்அப்: "பத்துக்குப் பத்தாமே மேடம்! ரொம்ப தேங்க்ஸ். பாயசம் வச்சிருக்கேன், கொடுத்தனுப்பட்டா?"

உண்மையைச் சொல்வதா, பாயசத்தை வாங்கிக்கொள்வதா? கமென்ட்டில் சொல்லுங்கள்.

தயவுசெய்து இரண்டையும் எழுதிவிடாதீர்கள்.