முந்தாநாள் கொடுத்த சீப்பு

என் அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது ஒரு கொம்புச் சீப்பை எடுத்துக்கொண்டு போனார். தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவார்களே, சீப்பு எதற்கு என்று அம்மா கேட்டாள். வெட்டினால் வளராதா என்றார். முடியின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. அண்ணி ஊசியைக் காய்ச்சி அந்தச் சீப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக் கொடுத்தாள்.

நாங்கள் வட ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. மல்காஜ்கிரிப் பக்கம் இரண்டு அறையும் பின்பக்கம் ஒரு கதவும் உள்ள வீடு. வந்தபோது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து. நான் நாலாம் வகுப்போடு நின்று, வயது வந்ததும் அப்பா வேலை செய்த பட்டறையிலேயே சேர்ந்துவிட்டேன். அண்ணன் ஓரிடத்தில் நிற்க மாட்டார். அப்பா கோலார் சுரங்கத்தில் சேர்த்துவிட்ட வேலையிலிருந்து மூன்றே மாதத்தில் ஓடிவந்துவிட்டார். முன்வாசலில் அப்பா இருப்பாரென்று சுவர் ஏறிக் குதித்து, பின்கதவு வழியாக வந்து, சட்டியிலிருந்த சோற்றைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வேலையிலிருந்தும் அப்படியே வந்தார். அன்றிலிருந்து அம்மா அவரைப் பின்கதவுக்காரன் என்றுதான் கூப்பிடுவாள்.

கடைசியில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். யுத்தம் வந்ததும் கண்டோன்மெண்டில் லாரி ஓட்டுபவர்களை வலைபோட்டுத் தேடினார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. கடிதங்கள் வந்தன. ஊர்ப்பெயர் வரும் இடமெல்லாம் மை பூசியிருந்தது. பர்மா எல்லை என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

பிறகு கடிதம் நின்றது. சில மாதங்கள் கழித்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பட்டறைக் கிளார்க் அதைப் படித்துச் சொன்னார். ஆளைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கோயிலுக்கு வருகிற பெண்கள் அன்றே அண்ணியை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணி மட்டும், “காணோம்னுதானே எழுதிகீது?” என்று என்னிடம் நாலைந்து தடவை கேட்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. செய்யாற்றிலிருந்து அண்ணியின் தமையனார் வந்து பேசினார். இருபத்திரண்டு வயதுப் பெண் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பது, வேறு இடம் பார்க்கலாம் என்றார். அம்மாவும் அழுதுகொண்டே சரியென்றாள். அண்ணி பெட்டியைக் கட்டினாள். அடுத்த வாரம் நான் ரயிலேற்றிவிடுவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை. ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்க முடியும். அண்ணனோடு ஒரே லாரியில் இருந்தவர், ஹைதராபாத்காரர். பெண்கள் இருப்பதைப் பார்த்து உள்ளே வராமல், தலையைக் குனிந்தபடி சட்டைப் பையிலிருந்து அந்தச் சீப்பை எடுத்து நீட்டினார்.

“பர்சோ இச் தியே உனோ,” என்றார்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் உருது தெரியாது. “இன்னா சொல்றாரு?” என்று அண்ணி கேட்டாள். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். யாராவது முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை கோணிக்கொள்ளும்.

“முந்தாநேத்துதான் அண்ணன் குடுத்தாராம்,” என்றேன்.

பர்சோ என்றால் முந்தாநாள்தான். ஆனால் இந்த ஊரில் போன வருஷத்து மொகரமும் பர்சோதான், பத்து வருஷத்துக்கு முந்திய வெள்ளமும் பர்சோதான். பட்டறையில் தினமும் கேட்கிற பேச்சு அது. எனக்குத் தெரியாததல்ல.

அண்ணி சீப்பை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்தவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். ரோடு வரைக்கும் நான் கூடப் போனேன்.

“கைக்கு ஹஸ்ரைங் உனோ?” என்று கேட்டார். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று.

சீப்பை எப்போது கொடுத்தார் என்று மட்டும் கேட்டேன். போன மழைக்கு முந்தின மழையில் என்றார். குண்டு லாரிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அண்ணனுக்கு வயிற்றில் அடி. இருட்டுவதற்குள் போய்விட்டார். ஓடைக்கரையில் இவர்தான் குழி தோண்டியிருக்கிறார். மறுநாள் எல்லோரும் பின்வாங்கியதில் இவரும் கால் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட, இறந்ததை மேலே எழுதிக்கொடுக்க ஆளில்லாமல் போயிற்று.

திரும்பி வந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். வீட்டில் அண்ணியின் பெட்டி திறந்திருந்தது. புடவைகளை எடுத்துப் பழையபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா என்னை அருகில் இழுத்துக் காதோடு சொன்னாள்.

“பின்கதவுக்காரன் வந்துட்டான்டா. பட்டாளத்துலேர்ந்து ஓடியாந்து எங்கியோ ஒளிஞ்சிகினுகீறான். வெளியே மூச்சு விட்றாத, புட்ச்சிகினு போயிடுவானுங்க.”

நான் “ம்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அன்று முதல் பின்கதவுக்குத் தாழ் போடுவதில்லை. ஒரு சட்டியில் சோறு தனியாக இருக்கும். காலையில் அதை அண்ணி தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவாள். மறு வருஷம் அம்மா காய்ச்சலில் போனாள். போகும்போதும் கண் பின்கதவுப் பக்கம்தான் இருந்தது. யுத்தம் முடிந்தது. போனவர்களில் பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். செய்யாற்றிலிருந்து இரண்டு கடிதம் வந்து, பிறகு நின்றுபோயிற்று. அம்மா போனதும் அண்ணி மடத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் இந்த மாதம் சொல்லிவிடலாம் என்று இருப்பேன்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். வார்டில் ஒரு கிழவி, தன் நிக்காவைப் பற்றிச் சொன்னாளாம். எப்போது நடந்தது என்று கேட்டதற்கு, பர்சோ என்றாளாம். பக்கத்தில் பேரன் பேத்திகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“தம்பி, அன்னிக்கி அந்தாளு இன்னா வார்த்தை சொன்னாரு?”

“பர்சோ.”

“ரோடு வரைக்கும் போனியே. கேட்டியா?”

“கேட்டேன்.”

சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

“கைக்கு?” என்றாள். ஏன் என்று.

அண்ணி என்னிடம் பேசிய ஒரே உருது வார்த்தை அது. வந்தவர் ரோட்டில் கேட்டதும் அதுதான் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

பின்கதவுக்குப் போனாள். தாழ் துருப்பிடித்து நகரவில்லை. நான் பட்டறை எண்ணெயைக் கொண்டுவந்து விட்டேன். அவளே தள்ளிப் போட்டாள்.

மறுநாள் அண்ணனின் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கச் சொல்லப் போனோம். இறந்த நாள் எது என்று சாமியார் கேட்டார், வருஷா வருஷம் வைக்கலாமே என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள். மழைக்காலம் என்பதுதான் எனக்குத் தெரியும். வந்தவரிடம் தேதியை நான் கேட்கவில்லை.

இப்போதும் மழை பிடித்துக்கொண்டால் பின்கதவு தடதடக்கும். காற்றுதான். எங்கள் பேச்சு பாதியில் நின்றுவிடும். அண்ணி எழுந்து போய்த் தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.