காலி அறையிடம் சொல்லிக்கொண்டவர்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்துக்கு ஓர் அம்மாள் பொறுப்பு. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, ஏசிக் குளிரிலும் வியர்த்துக்கொண்டே இருக்கும் நெற்றி. அங்கே வருகைப்பதிவு மென்பொருள் பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பில் ஓடியது. அங்கே ஒரு நிரல் எழுதித் தரப் போயிருந்த எனக்குப் புதிய பதிப்பு வேண்டும். பழசைத் தொட்டால் எல்லாம் நின்றுவிடும். அதனால் புதியதை மெய்நிகர் சூழல் என்கிற தனி அறைக்குள் நிறுவினோம். நாம் உள்ளே இருக்கும்வரை அந்த அறையின் பெயர் திரையின் இடது ஓரத்தில் நிற்கும். வெளியேறினால் மறைந்துவிடும்.

வெளியேறும் கட்டளையைத் தட்டுமுன் அவர் திரையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றார்.

"யாருகிட்ட மேடம் சொல்றீங்க?"

"உள்ள இருக்கறவங்ககிட்ட."

"இப்பதான மேடம் உருவாக்குனோம்? உள்ள யாரும் இல்லையே."

"நாம போறதுக்கு முன்னாடியே இருந்திருப்பாங்க சார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அரியலூரில் என் வீட்டு மடிக்கணினியிலும் அதேபோல ஓர் அறை உருவாக்கினேன். நல்ல பகல் நேரம். வேலை முடிந்து வெளியேறும் கட்டளையைத் தட்டினேன். பெயர் போகவில்லை. மறுபடி தட்டினேன். அப்படியே நின்றது. என்ன பிழை என்று தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் வெட்கத்தோடு, தாழ்ந்த குரலில், "போயிட்டு வரேன்" என்றேன்.

நான் எந்த விசையையும் தொடவில்லை. பெயர் மறைந்தது.

அந்த அறை இப்போது எனக்குத் தேவையில்லை. ஆனாலும் அழிக்கத் துணியவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த அம்மாள் எத்தனை அறைகளிடம் அப்படிச் சொல்லியிருப்பாரோ!