கிண்ணியா தாண்டினால் நிற்கும் வான்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில். இடம், கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகும் வீதி.

நான் பாலையூற்றில் இருக்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் பதினாறு வருடம் வேலை செய்துவிட்டு, பிறகு பழைய டீசல் வான் ஒன்றை வாங்கி ஆசிரியர்களை ஏற்றி இறக்கத் தொடங்கியவன். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டு, ஒன்பது பேரைச் சம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழேகாலுக்குள் இறக்குவேன். ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் பள்ளி அதிபர் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். அதற்குப் பிறகு வருபவர் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கோட்டுக்கு முன் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு.

களஞ்சியத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கத்தால், வானில் எது நடந்தாலும் ஒரு கொப்பியில் எழுதுவேன். எண்ணெய் மாற்றிய நாள், ரயர் கழற்றிய நாள், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம். தினமும் மாலையில் வானைக் கழுவி, டீசல் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பித்தான் நிறுத்துவேன்.

அதே வீதியில் இன்னொருவரும் வான் ஓட்டினார். மூதூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றுபவர். என்னைவிட நாலு வயது இளையவர் என்றாலும் வீதியில் எல்லாருக்கும் அவர் நானாதான், அதாவது முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். அவருடைய வானும் என்னுடைய வகைதான், ஆனால் என்னுடையதைவிட இரண்டு வருடம் பழசு. சீற் உறைகள் கிழிந்திருக்கும். பக்கக் கண்ணாடி ஒன்று கயிற்றில் தொங்கும். ஆனால் அது ஒருநாளும் வழியில் நின்றதில்லை. உள்ளே எப்போதும் சிரிப்புச் சத்தம். என் வானில் கண்ணாடி பளபளக்கும், ஆனால் ஒன்பது பேரும் பேசாமல் இருப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே வயிறு எரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

தை மாதக் கடைசியில் ஒரு வியாழன் மாலை, டீசல் அடிக்கப் போன பெற்றோல் செட்டில் அவர் எனக்கு முன்னால் நின்றார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து, டீசல் தாங்கியின் மூடியைத் திறந்தார். பூட்டுள்ள புது மூடி, வெள்ளி நிறம். டீசல் தட்டுப்பாட்டு நாட்களில் தாங்கியிலிருந்து களவு போனதிலிருந்து பலர் அப்படி மூடி போடுகிறார்கள். செட்டில் நின்ற இரண்டு பேர் எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். அவர் கடையைச் சொன்னார். நான் கேட்காதவன்போல் நின்று, மறுநாளே அந்தக் கடைக்குப் போய் அதே மூடியை வாங்கினேன். என் பழைய மூடியில் ஒரு குறையும் இல்லை. அவரிடம் ஒன்று இருந்தது, என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு ஓட்டம் இல்லை. மூன்றாம் நாள், திங்கள் காலை, கிண்ணியா தாண்டி உப்பாற்றுப் பக்கம், வான் இழுவை குறைந்தது. மிதிக்க மிதிக்க வேகம் இறங்கியது. ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. சீற்றைத் தூக்கி, எஞ்சினுக்கு டீசல் இழுக்கும் கைப்பம்பை அடித்து, கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் எடுத்தது.

அடுத்த நாளும் அப்படியே. கராஜில் டீசல் பில்டரை மாற்றினார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார்கள். குழாய்களை மாற்றினார்கள், அவற்றில் அடைபட்ட காற்றை எடுத்தார்கள். கராஜைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் நன்றாக ஓடியது. மறுநாள் காலை கிண்ணியா தாண்டியதும் நின்றது. பின்னேரம் திரும்பி வரும்போது மட்டும் நிற்காது. மெக்கானிக் கடைசியில், டீசல் பம்பை இறக்கிப் பார்க்கவேண்டும், ஒரு கிழமையாவது வான் நிற்கும் என்றார். ஒரு கிழமை நின்றால் ஆசிரியர்களை ஏற்றும் என் ஹயர் போய்விடும்.

நின்ற ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதினேன். இடம், நேரம், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீற்றர். என் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. ஏன் நிக்குது எண்டது மட்டும்தான் இல்ல" என்றாள்.

நான் வீதியோரம் நிற்கும்போது பல நாள் நானாவின் வான் கடந்து போனது. ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைத்து ஹோன் அடித்தார். நான் கடலைப் பார்க்க நிறுத்தியவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். கொப்பியில் அதையும் எழுதினேன்: "ஹோன் அடித்தார். கேலி."

எட்டாவது தடவை நின்ற அன்று, ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த மூத்த ரீச்சர் இறங்கும்போது சொன்னார்:

"தம்பி, முப்பத்தொரு வருசத்தில நான் சிவப்புக் கோட்டுக்குக் கீழ சைன் வைச்சதில்ல. உங்கட வானில ரெண்டு தரம் வைச்சிட்டன். இன்னொருக்கா நிண்டா நாங்கள் நானாட்டக் கேட்டுப் பாப்பம். கோவிக்காதேங்கோ."

கோபம் வரவில்லை. நானாவிடம் என்ற சொல்தான் தைத்தது. அவருடைய வானில் இடமும் இருந்தது.

ஒன்பதாவது தடவை அடுத்த வியாழக்கிழமை நின்றது. நேரம் ஆறு முப்பத்திரண்டு. பின்னால் நானாவின் வான் வந்தது. நான் கையை உயர்த்துவதற்கு முன்பே மூத்த ரீச்சர் இறங்கி, குடையை நீட்டி அதை மறித்துவிட்டார்.

நானா இறங்கி வந்தார். சீற்றைத் தூக்கவுமில்லை, எதையும் தொடவுமில்லை. எப்போது தொடங்கியது என்றுதான் கேட்டார். என் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று காட்டும் எண்ணத்தில் கொப்பியை எடுத்து ஒன்பது பதிவையும் வாசித்தேன். எல்லாம் பத்தொன்பதுக்கும் இருபத்துமூன்று கிலோமீற்றருக்கும் இடையில். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "முதல் தரம் நிக்கிறதுக்கு முன்னால வானில என்ன செய்தீங்க அண்ணன்?" என்றார்.

பக்கத்தைத் திருப்பினேன். முதல் நிறுத்தத்துக்கு மூன்று நாள் முன்பு, என் கையெழுத்தில் இருந்தது: "புது மூடி பூட்டினேன். நல்ல இறுக்கம். திருப்தி."

அதை நான் வாசிக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவரைப் பார்த்து வாங்கிய மூடி என்று அவரிடமே எப்படிச் சொல்வது?

ஆனால் அவர் வானைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். பிறகு சிரிப்புக் கேட்டது.

"அண்ணன், இது என்ட மூடியெல்லோ. சாவியத் தாங்க."

அவர் பூட்டைத் திறந்து மூடியைத் திருகியதும், தாங்கி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. வீதியில் நின்ற எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

அவர் விளக்கியது இவ்வளவுதான். எஞ்சின் குடிக்கும் டீசலுக்குப் பதிலாகத் தாங்கிக்குள் காற்றுப் போகவேண்டும். பழைய மூடியில் அதற்கு வழி உண்டு. இந்த மூடியில் இல்லை. காற்று இல்லாவிட்டால் தாங்கி டீசலை விடாது. காத்திருந்தால் மெல்லக் காற்றுக் கசிந்து போகும், வான் ஓடும். கழுத்துவரை நிரப்பினால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, கெதியில், கொஞ்சத் தூரத்திலேயே நிற்கும். பின்னேரம் கொஞ்சம் குறைந்திருப்பதால் நிற்பதில்லை. அவருக்கும் ஒருமுறை வீட்டு வாசலில் அப்படி நின்றதாம். அன்றே மூடியின் றப்பரை வெட்டிவிட்டாராம்.

தினமும் கழுத்துவரை நிரப்பியது நான். இறுக்கம் என்று சந்தோசப்பட்டதும் நான்.

அவர் ஒரு பிளேட்டை எடுத்து றப்பரில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டார். கைப்பம்பை அடித்தேன். வான் ஸ்டார்ட் எடுத்தது. அதற்குள் ஆசிரியர்கள் நாலு பேர் கைப்பைகளோடு அவருடைய வான் கதவுக்குப் போயிருந்தார்கள்.

நானா அவர்களைப் பார்த்து, "எங்க போறீங்க? உங்கட வான் ஓடுது. ஏறுங்க ரீச்சர், நான் பின்னால வாறன். நிண்டா மாறிக்கொள்ளலாம்" என்றார்.

நன்றி சொல்லப் போய், முதல் தடவையாக நானும் அவரை நானா என்றேன்.

"அல்லாவே, நீங்களும் நானா எண்டா எனக்கு வயசு போயிரும்" என்று சிரித்தார். பிறகு ஏறப்போனவர் திரும்பி, "எத்தின நாள் ஹோன் அடிச்சன் அண்ணன், உதவி வேணுமா எண்டு. நீங்க போகச் சொல்லிக் கை காட்டினீங்க. கோளாறைப் பிடிச்சிட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

மூதூர்ச் சந்திவரை என் கண்ணாடியில் அவருடைய வான் தெரிந்தது. சந்தியில் இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார். நாங்கள் ஏழு இருபத்தாறுக்குப் பள்ளிக்கூடம் சேர்ந்தோம். மூத்த ரீச்சர் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தார். ஹயர் இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

அன்று மாலை கொப்பியில் "காரணம்: மூடி" என்று எழுதினேன். கண்டுபிடித்தவர் யார் என்று எழுத இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அவர் வானின் சிரிப்புச் சத்தத்தைக் கேட்கும்போது இன்றும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

எழுதியதை வெட்டுவது என் வழக்கம் அல்ல. ஆகவே அந்தக் கொப்பியில் "கேலி" என்ற சொல் ஆறு இடத்தில் அப்படியே இருக்கிறது. யாராவது என்னைக் கடந்து போகும்போது மனம் கசந்தால், அதை எடுத்து, ஆறு நாள் ஒரு மனிதர் என்னிடம் உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.