போர் போட வந்தவரின் வலது காது

திருவாதவூரில் எங்கள் நிலத்தில் போர் போட வந்த ஆபரேட்டருக்கு என் வயதுதான் இருக்கும். தலையெல்லாம் கல்தூசி. இரண்டு காதுகளையும் தடித்த மூடி போட்டு அடைத்திருந்தார்.

"பாட்டுக் கேட்டுக்கிட்டா குழி போடுறான்?" என்று அப்பா என்னிடம் கத்தினார்.

டீ குடிக்கும்போது ஆபரேட்டரிடம் கேட்டேன். "இடது காது இந்த வண்டிச் சத்தத்துலயே போயிருச்சுண்ணே. வலது காதையாவது காப்பாத்தணும்ல. அதை வச்சுத்தான் பொழப்பு" என்றார்.

ஐந்நூறு அடி போயும் ஈரக் கல்தூள்தான் வந்தது. இன்னும் இறக்குவதா, நிறுத்துவதா என்று அப்பா தவித்தார். ஆபரேட்டர் வண்டியை நிறுத்தினார். மூடியைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, வலது காதைக் குழாய் வாயில் வைத்தார்.

"ஊத்து விழுகுதுண்ணே. இன்னும் அம்பது அடி இறக்குவோம். நீங்களே கேளுங்க."

நான் படுத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகவே இருந்தது. அடுத்து அப்பா படுத்தார். வெகுநேரம் கழித்து எழுந்து, "ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார்.

ஆபரேட்டர் அவரையே பார்த்தார். பிறகு என்னிடம், "ஐயா எந்த மெஷின்ல வேலை பாத்தாரு?" என்றார்.

"கதிரடிக்கிற மெஷின். இருபது வருசம்."

தலையாட்டிவிட்டு மூடியை மாட்டிக்கொண்டார். சாயங்காலம் தண்ணீர் வந்தது.

கூப்பிட்டால் திரும்பாதவர், எதற்கும் கத்துகிறவர் என்று அப்பாவை நாங்கள் எத்தனையோ நாள் கோபித்திருக்கிறோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அரைநாள் பார்த்த ஒருவர் கேட்ட கேள்வி, எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.