மூடியைத் திறந்து பார்த்த மாமி

புரதங்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரள்கின்றன என்று ஆராய்வது இப்போது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் இந்த வேலையை அம்மாவுக்கு விளங்கவைக்க வார்த்தை தேடி அலைந்து, கடைசியில், “பால் ஏன் திரையுதுன்னு பாக்குற வேலம்மா” என்று தொலைபேசியில் சொன்னேன். “அத நான் அப்பவே பாத்துட்டேனே” என்றார் அம்மா. பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் சொன்ன ‘அப்ப’, எனக்கு ஒன்பது வயது. போரினால் கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, ஒட்டுசுட்டானில் காட்டோரமாக ஒரு கொட்டிலில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தோட்டத்திலிருந்து கொண்டுவந்தவற்றில் மிஞ்சியது ஒரு பித்தளைத் தூக்குவாளி. வன்னியில் தேடியவற்றில் மிஞ்சியது ஒரு பசுமாடு.

காலையில் கறக்கும் பாலில் ஒரு சுண்டு அளந்து வீட்டுக்கு. மிச்சத்தைத் தூக்குவாளியில் நான் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோவேன். கடைக்காரர் அதற்கு அரிசியும், எங்குமே கிடைக்காத மண்ணெண்ணெய் கொஞ்சமும், எனக்குப் பள்ளியில் எழுதக் கொப்பிகளும் தருவார். பால் நின்றால் விளக்கு நிற்கும், விளக்கு நின்றால் படிப்பு நிற்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

வாளியை விளக்குவது என் பொறுப்பு. சவர்க்காரத்தைக் கண்ணால் காணமுடியாத காலம், சாம்பலும் பழப்புளியும்தான். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை மின்னும். கிணறு தூரத்தில் இருந்ததால் அலசுவதற்கு மட்டும் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிப்பேன்.

போகும் வழியில் பக்கத்து வளவு மாமி நிற்பார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். வேலியில் பிரித்துவிட்ட பொட்டு வழியாகக் கையை நீட்டி வாளி மூடியைத் திறந்து பார்க்காமல் என்னை விடமாட்டார். “என்ரை ராசா, முகம் பார்க்கலாம் போலையெல்லோ மினுக்கி வைச்சிருக்கிறாய்! பால் கறந்தது மாடோ, இந்த வாளியோ?” என்பார். அந்தக் கையில் எப்போதும் கருவாட்டு மணம்.

ஒருநாள் கடைக்காரர் அடுப்பில் வைத்த பால் திரைந்துபோனது. வெயில் என்று விட்டுவிட்டார். அடுத்த நாளும் திரைந்ததும் கொட்டிலுக்கே வந்துவிட்டார்.

“தங்கச்சி, பாலுக்கை என்னத்தைக் கலந்தனீங்கள்? குளத்துத் தண்ணியோ?”

“தண்ணி கலந்தா எங் கை வெளங்காதுங்க. வீட்டுல காச்சுன பாலு நல்லாத்தானே இருக்கு?” என்றார் அம்மா.

“அப்ப நான் பொய் சொல்லுறனோ? உங்கடை ஆக்களை நம்பினது என்ரை பிழை. நாளைக்கும் திரைஞ்சுதெண்டால் நான் வேறை இடம் பாக்கிறன்.”

‘உங்கடை ஆக்கள்’ என்ற சொல், தோட்டத்துச் சனம் என்ற குத்தலோடு, அவர் போன பிறகும் கொட்டிலுக்குள் இருந்தது. அப்பா கடைக்காரரைச் சந்தேகித்தார். “நேத்து மிஞ்சுன பாலோட நம்ம பால ஊத்திட்டுப் பழிய இங்க போடுறான். கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுப் போடா.” நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். வீட்டில் நல்ல பால், கடையில் கெட்ட பால். இடையில் அதைத் திறந்து பார்ப்பவர் ஒரே ஒருவர். அதுவும் தினமும் புகழ்ந்து கண்ணூறு படுத்துபவர்.

யாரும் குறை சொல்லக் கூடாதென்று அன்று வாளிக்கும் மூடிக்கும் இரண்டு பங்கு புளி போட்டேன். மறுநாள் மாமியின் வேலிப் பக்கமே போகாமல் குளக்கட்டைச் சுற்றிப் போனேன். பால் முன்னைவிட மோசமாகத் திரைந்தது. என் ஊகம் பிழை என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானோ, மாமியின் கண்ணுக்குத் தூரம் ஒரு தடையே இல்லை என்று முடிவுகட்டினேன். இந்த வகை முடிவுகளை மிகப் படித்தவர்களும் எடுப்பதைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது மாமி வேலியில் நின்றார். “எங்கையடா ராசா, காலமை உன்னைக் காணேல்லை?” என்று வழக்கம்போல மூடிக்குக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க! நீங்க கண்ணு வச்சுத்தான் பால் திரையுது!”

ஒழுங்கையில் தண்ணீர் தூக்கிப் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய கை பாதியில் நின்றது. மாமி அதை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா கெஞ்சியதில் கடைக்காரர் இன்னும் ஒரு நாள் தந்தார். மறுநாள் அம்மாவே கடைக்கு வந்தார். ஒரே மாட்டின் பால், பாதி தூக்குவாளியில், பாதி அவர் கழுவிய போத்தலில். “ரெண்டையும் தனித்தனியாக் காச்சுங்கண்ணே.” போத்தல் பால் பொங்கி வந்தது. வாளிப் பால் திரைந்தது. அம்மா மூடியை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பு மடிப்புக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். மண்ணிறமாக ஏதோ வந்தது. மணந்து பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“ஏனத்துலதாங்க கோளாறு. நான்தான் சரியாக் கழுவல.”

மாமி மூடிக்குள் ஏதோ மருந்து வைத்திருக்கிறார், அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டு வெளியில் சொல்லப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து வாளியை அம்மா கழுவினார். பால் திரையவில்லை. இன்னொன்றும் தொடங்கியது. தினமும் முதல் பாலில் ஒரு சின்னப் போத்தல் நிரப்பி, “மாமிகிட்ட குடுத்துட்டுப் போ. நீதான் குடுக்கணும்” என்று என்னிடம் தருவார்.

பல வருடங்களுக்குப் பிறகு, குளிர் தேசமொன்றின் ஆய்வுகூடத்தில் என் புரதக் கரைசல் வாரக்கணக்காகத் திரண்டுகொண்டேயிருந்தது. புரதத்தை விற்றவர்களைச் சந்தேகித்தேன், குளிர்சாதனப் பெட்டியைச் சந்தேகித்தேன். பக்கத்து மேசைக்காரி என் போத்தல்களைத் தொடுகிறாளோ என்று அவற்றை ஒளித்தும் வைத்தேன். கடைசியில் பார்த்தால், நானே கழுவிய போத்தலில் கொஞ்சம் அமிலம் தங்கியிருந்தது. கழுவு தொட்டியருகே நின்றபோது அம்மாவின் நகம் ஞாபகத்துக்கு வந்தது. உடனே அம்மாவை மறுபடி அழைத்தேன்.

“அம்மா, அன்னிக்கு மூடியில இருந்தது புளியா?”

“நாரோட இருந்துச்சு” என்று சிரித்தார்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“ஒம்பது வயசுப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? அதான் ஒங்கையிலயே பாலக் குடுத்து அனுப்புனேன்ல.”

அந்த நாட்களில் மாமி நான் நீட்டும் பால் போத்தலை வாங்கிக்கொள்வார். வாளியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நாங்கள் அவ்விடத்தை விட்டுப் போவதற்குச் சில நாட்களுக்கு முன் மட்டும், போத்தலை வாங்கிய பிறகும் அங்கேயே நின்றார்.

“தம்பி, ஒருக்கால் திறந்து பார்க்கட்டே?” என்று கேட்டார்.

முன்பெல்லாம் கேட்காமலே திறந்தவர். பயத்தில்தான் அம்மா இவருக்குப் பால் அனுப்புகிறார், நானாவது பயப்படக் கூடாது என்று நினைத்தேன். மூடியை இரண்டு கைகளாலும் அமத்திப் பிடித்துக்கொண்டேன்.