மூன்று பாய்மரத்துக்கு ஆதாரம் இல்லை

1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக ஒரு பொது அறிவுக் கையேடு போட்டோம். மூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள். தலைவர், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். கடலோடு எங்களுக்கு இருந்த பழக்கம் திருச்செந்தூரில் கணுக்கால் நனைத்தது மட்டும்தான். அதற்காகக் கப்பல்களைப் பற்றி ஒரு அதிகாரம் எழுதாமல் இருந்துவிட முடியுமா? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன ஒரு தோணியின் படத்தை ஏதோ ஒரு பழைய மலரிலிருந்து எடுத்துப் போட்டு, 'இரண்டு பாய்மரங்கள் கொண்டது' என்று கீழே எழுதியவன் நான். படத்தில் இரண்டுதான் இருந்தன. எனக்கு எண்ணத் தெரியும்.

புத்தகம் வந்த மாதமே ராஜபாளையத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் குடையும் டார்ச் லைட்டும் விற்கிற பாய். கையில் எங்கள் கையேடு.

"சார், இந்தத் தோணில நான் பதினோரு வருசம் வேலை பாத்தவன். இதுக்கு மூணு மரம். படம் எடுத்தப்ப பின்னால உள்ள மரம் காத்துல விரிசல் விட்டுப்போச்சு, இறக்கி வச்சிருந்தோம். கயித்தப் புடிச்சு இறக்குனதுல நானும் ஒரு ஆளு."

"ஆதாரம் இருக்கா பாய்?"

"நான்தான சார் சொல்லுதேன்?"

"எதுலயாவது அச்சுல வந்திருக்கான்னு கேக்கேன்."

"நடுக்கடல்ல ஏது சார் அச்சாபீஸு?"

அச்சில் வராத எதையும் ஏற்பதில்லை என்பது எங்கள் குழுவின் விதி. அதை எழுதியவனும் நான்தான். அவர் விடவில்லை. தூத்துக்குடிக்குப் போய், அந்தத் தோணியை ஓட்டிய வயதான தண்டலிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கிவந்தார். மூன்று மரம் என்று தண்டலும் எழுதியிருந்தார். குழுக் கூட்டத்தில் அதை வாசித்தேன்.

"ஒருத்தர் அனுபவத்துக்கு இன்னொருத்தர் அனுபவம் சாட்சியா?" என்றார் தலைவர். "நாளைக்கு ஒருத்தன் வந்து, கோபுரம் கட்டும்போது நான் பக்கத்துல நின்னேம்பான். ஒத்துக்கிடுவீரா?"

எல்லோரும் சிரித்தோம். 'பாயைப் பற்றிப் பாய்க்குத் தெரியாதா' என்று ஒருவர் சொன்னதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தோம். கடிதம் நிராகரிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு டீ குடித்தோம்.

அச்சில்தானே வேண்டும் என்று பாய் ஒரு உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதிப் போட்டார். அவர்களும் வெளியிட்டார்கள். அவர் '3' என்று எண்ணில் எழுதியிருந்தார். அச்சுக் கோத்தவருக்கு அது '5' என்று தெரிந்திருக்கிறது. பத்திரிகை எங்கள் கைக்கு வந்ததும் குழு மகிழ்ந்தது. அச்சு இருக்கிறது, தேதி இருக்கிறது, பக்க எண் இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் 'ஐந்து பாய்மரங்கள் கொண்டது' என்று திருத்தினோம். மேலே அதே படம், இரண்டு மரத்தோடு.

பாய் மறுபடியும் வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"அஞ்சு மரம் நட்டா அது தோணியா சார், தோப்பா?"

"உங்க பேருல வந்த கடிதம்தான பாய்?"

"அது அச்சுப் பிழை."

"பிழைன்னு அவங்க அச்சுல போடட்டும், மாத்திருவோம்."

இதை நான் கூச்சமில்லாமல் சொன்னேன். பத்திரிகை அதற்குள் நின்றுபோயிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து ராஜபாளையத்தில் பள்ளிகளுக்கு இடையே வினாடி வினா. கேள்வி கேட்பவன் நான், கையில் எங்கள் கையேடு. தோணிக் கேள்வி வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து "மூணு" என்றது.

"தப்பு. ஐந்து."

"எங்க அத்தா அதுல வேலை பாத்தாக சார்."

அரங்கில் சிரிப்பு. நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அடுத்த அணிக்குப் போனேன். அந்த அணி கையேட்டை மனப்பாடம் செய்திருந்தது. ஐந்து என்றது, மதிப்பெண் வாங்கியது, கடைசியில் கோப்பையும் வாங்கியது. பாய் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பரிசு கொடுக்கும்போதுதான் பார்த்தேன். மகளின் தோளில் கைவைத்து வெளியே கூட்டிப்போனார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு எனக்குப் போட்ட மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரமே கூட்டத்தில், மூன்று என்று மாற்றலாம் என்றேன். ஆதாரம் கேட்டார்கள். பாயுடைய மகளின் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றாம் பதிப்பில் அந்த வரி, 'பல பாய்மரங்கள் கொண்டது' என்று வந்தது.

அதற்கு இன்றுவரை யாரும் ஆதாரம் கேட்கவில்லை.